ஏங்க... கொஞ்சம் நில்லுங்க!

பனிக்காலத்தில் துணையோடு மலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு சித்த மருத்துவரின் யோசனைகள்

மார்கழி பிறந்துவிட்டால் போதும். என்னிடம் வைத்தியத்துக்கு வருகிறவர்களில் தினமும் ஒருவராவது அந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவார்.

"டாக்டர், பேரப் பசங்களுக்கு அரைப் பரீட்சை லீவு. எல்லாருமா கொடைக்கானல் போலாம்னு இருக்கோம். எனக்கு பி.பி. இருக்கு. வீட்ல அவங்களுக்குச் சர்க்கரை. இந்தப் பனியில போலாமா?"

"தாராளமா போயிட்டு வாங்க" என்பேன். சந்தோஷமாக எழுந்துவிடுவார்கள். "உட்காருங்க, நான் இன்னும் முடிக்கலை" என்று மறுபடி உட்கார வைத்துச் சொல்லும் விஷயங்களைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு நடை ஒரு நல்ல மருந்து. அதிலும் புகையும் இரைச்சலும் இல்லாத மலைப்பாதையில், கூடவே பேசிக்கொண்டு நடக்க ஒரு துணை இருந்தால் மனசும் சேர்ந்து லேசாகும். ஆனால், துணையோடு நடப்பதில் ஒரு வம்பும் உண்டு. 'நம்மால இவங்க நடை கெட்டுப்போகக் கூடாதே' என்று நினைத்து, இளைப்பையும் வலியையும் வெளியே சொல்லாமல் அடக்கிக்கொள்வோம். தனியாகப் போனால் தயங்காமல் உட்கார்ந்துவிடுவோம். துணையோடு போகும்போதுதான் "ஒண்ணுமில்லை, வாங்க போலாம்" என்போம். மலைக்குளிரில் ஆபத்து பெரும்பாலும் அந்த 'ஒண்ணுமில்லை'யில்தான் ஆரம்பிக்கிறது.

மேலே போனதும் உடம்பில் என்ன நடக்கிறது?

கொடைக்கானல் சுமார் 7,000 அடி உயரத்தில் இருக்கிறது. மதுரையில் பஸ் ஏறி மூன்று, நான்கு மணி நேரத்தில் அந்த உயரத்துக்குப் போய்விடுகிறோம். நமக்கு அது ஒரு பயணம். உடம்புக்கு அது ஒரு பெரிய மாற்றம்.

முதலில் குளிர். ஆயிரம் அடி ஏறினால் சுமார் 2 டிகிரி செல்சியஸ் குறையும் என்று பொதுவாகச் சொல்வார்கள். மதுரையில் 20 டிகிரி இருக்கும் தை மாதத்து அதிகாலையில் கொடைக்கானலில் பத்துக்கும் கீழே போய்விடும். சில நாட்களில் பள்ளமான இடங்களில் புல் மேல் உறைபனியே படியும். குளிர் பட்டதும், உள்சூடு வெளியேறாமல் இருக்க, தோலுக்கு அடியில் இருக்கும் ரத்தக் குழாய்கள் சுருங்கும். குழாய் சுருங்கினால் ரத்த அழுத்தம் ஏறும். இதயம் இன்னும் வேகமாக உழைக்க வேண்டிவரும்.

இரண்டாவது, காற்று. பிராணவாயுவின் விகிதம் அங்கேயும் இங்கேயும் ஒன்றுதான். ஆனால் காற்றழுத்தம் சமவெளியைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதனால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயுவும் குறைகிறது. நல்ல ஆரோக்கியமானவருக்கு இது பெரிதாகத் தெரியாது. இரண்டு மாடி ஏறினாலே மூச்சு வாங்குகிறவருக்குத் தெரியும்.

மூன்றாவது, நீர். குளிரில் வியர்ப்பது தெரியாது, தாகமும் எடுக்காது. ஆனால் சிறுநீர் அதிகமாகப் போகும். வாயால் விடும் மூச்சிலும் ஈரம் போய்க்கொண்டே இருக்கும். ஆக, உடம்பு வறண்டுகொண்டிருக்கும்போதே நமக்குத் தண்ணீர் குடிக்கத் தோன்றாது.

சித்த மருத்துவம் ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பிரிக்கிறது. மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. நிலத்தையும் அப்படித்தான் குணம் பிரித்துப் பார்க்கிறது. மலையும் மலை சார்ந்த இடமுமான குறிஞ்சியில் ஐயம், அதாவது கபம் தங்கும் என்று எங்கள் பாடத்தில் படித்திருக்கிறோம். பனிப்பொழுதும் குறிஞ்சி நிலமும் ஒன்று சேரும் இடத்துக்குத்தான் நீங்கள் போகிறீர்கள். ஆஸ்துமா, சைனஸ், நாள்பட்ட சளி உள்ளவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

முதல் நாள் வேண்டாம்!

அறையில் பெட்டியை வைத்த கையோடு "வாங்க, ஏரியைச் சுத்திட்டு வரலாம்" என்று கிளம்புகிறவர்கள் உண்டு. முதல் நாள் சாயங்காலம் அறைக்குப் பக்கத்திலேயே பத்து, பதினைந்து நிமிடம் உலாவினால் போதும். சூடாகச் சாப்பிட்டு, சீக்கிரம் படுங்கள். உடம்பு புது இடத்துக்குப் பழகட்டும்.

வத்தலக்குண்டு தாண்டி மலைப்பாதையில் வளைந்து வளைந்து ஏறும்போது பலருக்குக் குமட்டும். கிளம்புவதற்கு அரை மணி முன்னால் ஒரு சின்னத் துண்டு இஞ்சியை உப்பு தொட்டு மென்று விழுங்குங்கள். பி.பி. உள்ளவர்கள் உப்பில்லாமல் சாப்பிடலாம். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறக்கூடாது. வெறும் வயிற்றோடும் ஏறக்கூடாது. ரெண்டு இட்லி போதும்.

இன்னொரு விஷயம். 2024 மே மாதத்திலிருந்து கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் வாகனத்தில் போக இ-பாஸ் முறை வந்திருக்கிறது. கிளம்பும் முன் அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

எந்தப் பாதையில் நடக்கலாம்?

ஏரியைச் சுற்றியுள்ள சாலை சுமார் 5 கிலோமீட்டர். மதுரையில் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் என்ற ஆங்கிலேயர் 1863-ல் அணை கட்டி உண்டாக்கிய ஏரி அது. பாதை கிட்டத்தட்ட சமமாக இருக்கும். முழங்கால் வலிக்காரர்களுக்கும் ஏற்றது. முழுச் சுற்றும் சுற்றித்தான் ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஆனால் ஒன்று, பாதி தூரம் போய்விட்டால் எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே தூரம்தான்! அதனால், கால் பங்கு தூரத்திலேயே நின்று, "தொடரலாமா, திரும்பலாமா?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளுங்கள்.

கோக்கர்ஸ் வாக் 1872-ல் போட்ட நடைபாதை. மலை விளிம்பை ஒட்டிச் சுமார் ஒரு கிலோமீட்டர் போகும். தளம் போட்டு, கம்பித் தடுப்பும் இருக்கிறது. காலையில் மேகம் இல்லாவிட்டால் கீழே சமவெளி கண்ணுக்கு எட்டிய வரை தெரியும். மதியத்துக்கு மேல் பெரும்பாலும் மூடுபனிதான். பிரையண்ட் பூங்காவும் மெதுவாக நடந்து, உட்கார்ந்து, மறுபடி நடக்க வசதியான இடம்.

வட்டக்கானல் வழியாகப் போகும் 'டால்பின் நோஸ்' பாதையை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அங்கே போகும்போது இறக்கம், வரும்போது ஏற்றம். மரத்தின் வேர்களும் வழுக்கும் மண்ணும் வேறு. இறங்கும்போது "இவ்வளவுதானா?" என்று தோன்றும். திரும்பும்போதுதான் இதயத்துக்கும் முழங்காலுக்கும் பரீட்சை. ஐம்பதைக் கடந்தவர்கள் மலைப்பாதையைப் பற்றி முதலில் கேட்க வேண்டிய கேள்வி, 'எவ்வளவு தூரம்' என்பதல்ல. 'திரும்பி வரும்போது ஏற்றமா, இறக்கமா?' என்பதுதான்.

நேரம்? காலை 9 மணிக்கு மேல் 11 மணிக்குள். 'மார்கழியில அஞ்சு மணிக்கே எழுந்து குளிச்சுப் பழக்கம் டாக்டர்' என்பார்கள். எழுந்துகொள்ளுங்கள், வெந்நீரில் குளியுங்கள். ஆனால் வெளியே நடக்க வெயில் வரட்டும். விடியற்காலையில் ரத்த அழுத்தம் தானாகவே ஏறுகிற நேரம். மாரடைப்பும் காலை வேளையில்தான் அதிகம் வருகிறது. அதோடு குளிரையும் சேர்க்க வேண்டாம். சாயங்காலம் ஐந்தரைக்குள் அறைக்கு வந்துவிடுங்கள்.

அடக்கக் கூடாத பதினான்கு

சித்த மருத்துவத்தில் 'பதினான்கு வேகங்கள்' என்று ஒரு பாடம் உண்டு. உடம்பு தானாக எழுப்பும் உணர்ச்சிகள் அவை. அபான வாயு, தும்மல், மலம், சிறுநீர், கொட்டாவி, பசி, நீர்வேட்கை, இருமல், இளைப்பு, தூக்கம், வாந்தி, கண்ணீர், சுக்கிலம், சுவாசம். இவற்றை அடக்கினால் நோய் வரும் என்பது எங்கள் ஆசான்கள் கண்ட உண்மை. கல்லூரியில் இதை மனப்பாடம் செய்தபோது, 'இளைப்பு எதற்கு இந்தப் பட்டியலில்? இளைப்பை யாராவது அடக்குவார்களா?' என்று எனக்குத் தோன்றியதுண்டு. மலையில் தம்பதிகள் நடப்பதைப் பார்த்தால் பதில் கிடைத்துவிடும்.

ஏரிக்கரையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து அரை மணி நேரம் கவனியுங்கள். கணவர் விறுவிறு என்று முன்னால் போவார். மனைவி இருபதடி பின்னால். வளைவில் அவர் நின்று காத்திருப்பார். ரொம்பப் பொறுப்பானவர்தான்! இந்த அம்மா மூச்சு வாங்க வந்து சேர்ந்ததும், "வந்துட்டியா? சரி, போலாம்" என்று மறுபடி கிளம்பிவிடுவார். யோசித்துப் பாருங்கள். ஓய்வு தேவைப்படாதவர் ஐந்து நிமிடம் ஓய்வெடுத்துவிட்டார். தேவைப்பட்டவருக்கு ஒரு நிமிடம்கூடக் கிடைக்கவில்லை. "ஏங்க, கொஞ்சம் நில்லுங்க" என்று சொல்லவும் அந்த அம்மாவுக்குத் தயக்கம். இளைப்பை அடக்குவது என்றால் இதுதான்.

வைத்தியம் ரொம்பச் சுலபம். மெதுவாக நடப்பவர் முன்னால் போகட்டும். வேகமானவர் பின்னால், அல்லது பக்கத்தில் வரட்டும். நின்றால் இருவரும் சேர்ந்து நில்லுங்கள். கடைசியாக வந்தவருக்கு மூச்சு சீரான பிறகு, அவர் "போலாம்" என்று சொன்னால் மட்டும் கிளம்புங்கள். சில வீடுகளில் மனைவி வேகம், கணவர்தான் இளைப்பார். அங்கேயும் இதே சட்டம்தான்.

சிறுநீர் அடுத்தது. வழியில் கழிப்பறை எப்படி இருக்குமோ என்று பயந்து, காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் கிளம்பும் பெண்கள் ஏராளம். நீர்வேட்கை, சிறுநீர் இரண்டையும் ஒன்றாக அடக்குகிறார்கள். திரும்பி வந்து ரெண்டே நாளில் நீர்க்கடுப்பு என்று என்னிடம் வருவார்கள். நடை ஆரம்பிக்கும் இடத்தில் கழிப்பறை எங்கே இருக்கிறது என்று முதலில் விசாரித்து வைப்பது கூட வருகிறவரின் வேலை. ஒரு பிளாஸ்கில் வெந்நீர் எடுத்துக்கொண்டு, தாகம் எடுக்கிறதோ இல்லையோ, அரை மணிக்கு ஒரு தடவை அரை டம்ளர் குடியுங்கள். இதயக் கோளாறு, சிறுநீரகக் கோளாறுக்காகத் தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லப்பட்டவர்கள் மட்டும் தங்கள் டாக்டர் சொன்ன அளவைத் தாண்டக்கூடாது.

பேச்சுதான் அளவுகோல்

எவ்வளவு வேகமாக நடக்கலாம் என்று கண்டுபிடிக்க மெஷின் எதுவும் வேண்டாம். பேசிக்கொண்டே நடங்கள். ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் பேச முடிகிறதா? சரியான வேகம். ரெண்டு வார்த்தைக்கு ஒரு தடவை நிறுத்த வேண்டியிருக்கிறதா? வேகத்தைக் குறையுங்கள். பேச்சே நின்றுவிட்டதா? நடையை நிறுத்துங்கள்.

நானும் என் மனைவியும் தை மாதத்தில் போனால் ஏரியைச் சுற்றி வர எங்களுக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகும். எங்களைத் தாண்டி எல்லோரும் போய்விடுவார்கள். பக்கத்து வீட்டு விஷயம், மருமகள் போன் பண்ணிச் சொன்னது, போன வருஷம் வாங்கிய சால்வையின் விலை என்று பேச்சு ஓடிக்கொண்டே இருக்கும். "உங்களுக்கு நான் பேசுறது காதுல விழுதா?" என்பாள். விழுகிறது. வார்த்தையோடு சேர்ந்து அவள் மூச்சும் என் காதில் விழுகிறது.

என்னிடம் வைத்தியம் பார்க்கும் ஒரு தம்பதியின் கதையைச் சொல்கிறேன். அவர் ரிட்டயரான ஆசிரியர். அந்த அம்மாவுக்கு ஐம்பத்தெட்டு வயது, பத்து வருஷமாகச் சர்க்கரை. கிளம்புவதற்கு முன் அவர்களிடமும் இந்தப் பேச்சுக் கணக்கைச் சொல்லியிருந்தேன். ஏரிக்கரையில் நடந்துகொண்டிருந்தபோது அந்த அம்மாவின் பேச்சு திடீரென்று நின்றிருக்கிறது. திரும்பிப் பார்த்தால், அந்தக் குளிரில் நெற்றியில் முத்து முத்தாக வியர்வை! "என்னம்மா செய்யுது?" "ஒண்ணுமில்லைங்க. முதுகுல வாயு பிடிச்ச மாதிரி இருக்கு. ஒரு ஏப்பம் விட்டா சரியாயிடும்." பக்கத்தில் டீ விற்றவர், "சுக்குக் காபி குடிங்கம்மா, வாயு கலைஞ்சிடும்" என்று அன்பாக நீட்டியிருக்கிறார்.

ஆசிரியர் வாங்கவில்லை. "எங்க சித்த வைத்தியரே சுக்கு வேணாம்னு சொல்லியிருக்காரு" என்று சொல்லிவிட்டு, கிடைத்த வண்டியில் நேராக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்விட்டார். ஈ.சி.ஜி.யில் மாரடைப்பு. அங்கேயே முதலுதவி கொடுத்து மதுரைக்கு அனுப்ப, ஸ்டென்ட் வைத்தார்கள். இன்று அந்த அம்மா நன்றாக இருக்கிறார்.

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வதுதான் மாரடைப்பு என்று சினிமா நமக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டது. பெண்களுக்கும் சர்க்கரைக்காரர்களுக்கும் அது பல சமயம் வேறு வேஷத்தில் வரும். தாடை வலி, முதுகு வலி, இடது கைக் கடுப்பு, மேல் வயிற்றில் எரிச்சல், காரணமில்லாத மூச்சுத் திணறல், குளிர் வியர்வை, திடீர்ச் சோர்வு. நடக்கும்போது இதில் ஏதாவது வந்தால், வாயு என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். சுக்கையும் பெருங்காயத்தையும் தினமும் கையாளும் வைத்தியன் சொல்கிறேன்: அந்த நேரத்தில் கஷாயம் காய்ச்சவும் தைலம் தேய்க்கவும் போகாதீர்கள். உட்கார வையுங்கள், நடக்க விடாதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். அது வரத் தாமதமாகும் என்று தெரிந்தால் கிடைக்கும் வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மலையில் தங்கும் அன்றே, பக்கத்து ஆஸ்பத்திரி எங்கே என்று விடுதியில் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

எரிந்து விழுகிறாரா?

எப்போதும் சாந்தமாக இருப்பவர் திடீரென்று சிடுசிடுப்பார். பேச்சு குழறும். பட்டன் போடவும் பை திறக்கவும் விரல் ஒத்துழைக்காது. சமதரையில் கால் தடுக்கும். 'என்ன இவருக்கு இன்னிக்கு இப்படிக் கோபம்!' என்று நீங்களும் பதிலுக்குக் கோபப்படாதீர்கள்.

சர்க்கரைக்கு ஊசி அல்லது மாத்திரை எடுப்பவராக இருந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது ரத்தத்தில் சர்க்கரை இறங்கியதைத்தான். உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸோ தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். பதினைந்து நிமிடத்தில் தெளியாவிட்டால் மறுபடி கொடுங்கள். தெளிந்ததும் பிஸ்கட், இட்லி என்று எதையாவது சாப்பிட வையுங்கள். மயங்கிக் கிடப்பவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றக்கூடாது. ஆஸ்பத்திரிதான்.

மழையிலோ மூடுபனியிலோ துணி நனைந்து, காற்றும் அடித்தால், குளிர் உள்ளே இறங்கியும் இப்படி ஆகலாம். ஈரத்துணியை மாற்றி, காற்று படாத இடத்தில் உட்கார வைத்து, கம்பளி போர்த்தி, சூடாக ஏதாவது குடிக்கக் கொடுங்கள். இன்னும் பேச்சு குழறினாலோ, முகம் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கை மட்டும் தளர்ந்தாலோ அது பக்கவாதமாக இருக்கலாம். ஒரு நிமிடம்கூடக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இதில் எதையுமே, பாதிக்கப்பட்டவர் தானாக உணர மாட்டார். பக்கத்தில் நடப்பவர்தான் பார்க்க வேண்டும். முன்னால் போகிறவருக்கு இது எப்படித் தெரியும்?

குளிருக்கு இதமா...

"குளிருக்கு இதமா கொஞ்சம் போட்டுக்கிட்டா தப்பில்லையே டாக்டர்?" என்று ஆண்கள் சிலர் காதோடு காதாகக் கேட்பார்கள். தப்புதான்! மது தோலின் ரத்தக் குழாய்களை விரிக்கும். அதனால் கதகதப்பாகத் தோன்றும். உண்மையில் உள்சூடுதான் தோல் வழியாக வெளியே போய்க்கொண்டிருக்கும். உடம்பு குளிர்ந்துகொண்டே இருக்கும்போது மனசு சூடாக இருப்பதாக நினைக்கும்.

அதற்குப் பதில் வீட்டிலேயே சுக்கு மல்லிப் பொடி தயாரித்துக் கொண்டு போங்கள். தோல் சீவிய சுக்கு ஒரு பங்கு, வறுத்த கொத்துமல்லி விதை ரெண்டு பங்கு, கொஞ்சம் மிளகு, ரெண்டு ஏலக்காய். இடித்துச் சலித்து வைத்துக்கொண்டு, ஒரு டம்ளர் தண்ணீருக்கு ஒரு ஸ்பூன் போட்டுக் கொதிக்க வையுங்கள். நடந்துவிட்டு வந்ததும் ஒன்று, சாயங்காலம் ஒன்று போதும். 'கருப்பட்டிதானே, சர்க்கரைக்காரங்க குடிக்கலாம்' என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. கருப்பட்டியும் ரத்தச் சர்க்கரையை ஏற்றும். அவர்கள் இனிப்பில்லாமல் குடிக்கட்டும். வயிற்றுப் புண் உள்ளவர்கள் மிளகை விட்டுவிடலாம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தங்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டு குடிப்பது நல்லது.

உடையில் ஒரே ஒரு கனத்த ஸ்வெட்டரைவிட, மெல்லிய உடுப்புகள் ரெண்டு, மூன்று அடுக்காக இருப்பது மேல். நடக்க நடக்கச் சூடு ஏறினால் ஒன்றைக் கழற்றலாம், நின்றதும் போட்டுக்கொள்ளலாம். காதையும் கழுத்தையும் மப்ளரால் மூடுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் மூக்கையும் வாயையும் சேர்த்து மூடி, மூக்கால் மூச்சு விடுங்கள். குளிர்ந்த காற்று நேராக உள்ளே போனால் மூச்சுக்குழாய் சுருங்கும். இன்ஹேலர் பெட்டிக்குள் வேண்டாம், சட்டைப் பையில் இருக்கட்டும்.

ரொம்ப முக்கியமான ஒன்று. குளிருக்காகக் கரி அடுப்பை அறைக்குள் கொண்டுபோய், கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுக்காதீர்கள். எரியும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். மலை ஊர்களில் அப்படி நடந்த செய்திகளைப் பேப்பரில் பார்த்திருப்பீர்கள்.

முழங்காலும் பாதமும்

ஏறும்போது இதயத்துக்கு வேலை. இறங்கும்போது முழங்காலுக்கு வேலை. இறக்கத்தில் சின்ன அடியாக வையுங்கள். முழங்காலை விறைப்பாக வைக்காமல் லேசாக மடக்கியே இறங்குங்கள். கைத்தடி ஒன்றும் கௌரவக் குறைச்சல் இல்லை. மூட்டுவலி உள்ளவர்கள் ராத்திரி படுக்கும் முன் உளுந்துத் தைலத்தையோ நல்லெண்ணெயையோ இளஞ்சூடாகத் தடவி, வெந்நீர் ஒத்தடம் கொடுத்தால் மறுநாள் கால் லேசாக இருக்கும்.

சர்க்கரையால் பாதம் மரத்துப் போனவர்களுக்கு மட்டும் ஒத்தடம் வேண்டாம், தணல் அருகே கால் நீட்டவும் வேண்டாம். சுட்டாலும் தெரியாது. புது ஷூவை மலையில் போட்டுப் பழகாதீர்கள். பழகிய ஷூ, பருத்திச் சாக்ஸின் மேல் கம்பளிச் சாக்ஸ். அறைக்கு வந்ததும் ஒருவர் பாதத்தை மற்றவர் வெளிச்சத்தில் பார்த்துவிடுங்கள். உள்ளங்காலில் இருக்கும் சிவப்போ கொப்புளமோ அவர் கண்ணுக்குத் தெரியாது. உங்கள் கண்ணுக்குத் தெரியும்.

யார் தள்ளிப்போட வேண்டும்?

மாரடைப்போ, இதயத்தில் ஆபரேஷனோ, பக்கவாதமோ வந்து சில மாதங்களே ஆனவர்கள், ரத்த அழுத்தம் கட்டுக்குள் வராதவர்கள், நாலு படி ஏறினாலே நெஞ்சு இறுகுகிறவர்கள், காய்ச்சலும் சளியுமாக இருப்பவர்கள் இந்த வருஷம் விட்டுவிட்டு, தங்கள் டாக்டர் சம்மதித்த பிறகு போகலாம். மலை எங்கேயும் போய்விடாது.

போகிறவர்கள் வழக்கமான மாத்திரைகளை ஒருநாள்கூட விடாதீர்கள். ரெண்டு நாளுக்கு அதிகமாகவே எடுத்துக்கொண்டு போங்கள். உங்கள் மாத்திரை எது, எப்போது என்று துணைக்கும் தெரிந்திருக்கட்டும்.

கிளம்புவதற்கு மூன்று வாரம் முன்னாலிருந்தே உங்கள் தெருவில் தினமும் அரை மணி நேரம் ரெண்டு பேரும் சேர்ந்து நடந்து பாருங்கள். மெதுவானவர் முன்னால், பேச்சு நிற்காமல். அங்கேயே யாருக்கு எப்போது இளைக்கிறது, எந்த இடத்தில் 'ஒண்ணுமில்லை' வருகிறது என்று தெரிந்துவிடும். முக்கியமாக, "ஏங்க, கொஞ்சம் நில்லுங்க" என்று கூச்சமில்லாமல் சொல்லவும், அதைக் கேட்டவுடன் முகம் சுளிக்காமல் நிற்கவும் ரெண்டு பேரும் பழகிக்கொள்ளலாம். மலையிலிருந்து இறங்கி வந்த பிறகும் அந்தத் தெரு நடையை மட்டும் விட்டுவிடாதீர்கள்!